தடிக்குக் கைதட்டலாமா?

முத்துக்குளிப்புக்கு நாள் குறிக்கும் முன்னர் மன்னார் வளைகுடாவிலே ஒரு வழக்கம் இருந்தது. 'பார்' எனப்படும் கடலடிப் பாறைத்திட்டிலிருந்து சிப்பிகள் சிலவற்றை மாதிரிக்கு எடுத்து வருவர். திறப்பர், முத்தைத் தேடுவர், கிடைத்ததை எண்ணுவர், மதிப்பிடுவர். மதிப்பு தேறினால் குளிப்பு உண்டு, தேறாவிட்டால் இல்லை. ஆருடம் பார்த்து அறிந்ததல்ல அது. திறந்து பார்த்துத் தெளிந்தது! 1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலிலே ஆண்டுதோறும் நடைபெற்ற முத்துக்குளிப்பு, அதன்பின் நின்றுபோயிற்று. முத்து நின்றால் என்ன, முறையுமா நிற்க வேண்டும்? திறந்து பார், தேடிப் பார், மதிப்பிட்டுப் பார் என்னும் அந்த முறையை, நம் கண்முன் நாள்தோறும் கொட்டப்படும் வேறொரு சிப்பிக் குவியலின்மீது செலுத்திப் பார்ப்போமே என்று எண்ணினோம். அதுதான் திரைப்படம், அதன் தங்கை தொலைக்காட்சி.

நாம் திரைத்தொழில் அறிந்தோர் அல்லோம். படப்பெட்டியின் நுட்பமும் படத்தொகுப்பின் நுணுக்கமும் பேசி உங்களை மலைக்க வைக்கும் நோக்கமும் நமக்கில்லை. பொருநைக் கரையில், ஆழ்வார்திருநகரியில் அமர்ந்து, காசு கொடுத்துக் கொட்டகைக்குச் சென்றும் காசு கொடாமல் வீட்டுக் கூடத்தில் இருந்தும் படம் பார்க்கிற பார்வையாளர். ஆனால், அந்தப் பார்வையாளன் இல்லையேல் திரை வெறும் துணிதானே தோழர்களே! அவன் கண் திறந்தால்தான் காட்சி. அவன் கை சேர்ந்தால்தான் வெற்றி. எனவே அந்தக் கண்ணுக்கும் கைக்கும் ஒரு கருத்து உண்டு என்று கூறுவதில் தவறில்லை.

எல்லாப் படங்களையும் எடைபோட ஏடு போதாது. ஆகவே, நம்முடைய மண்ணைக் காட்டுகிற, அல்லது காட்டுவதாகக் கூறிக்கொள்கிற படங்கள் சிலவற்றை மாதிரிக்கு எடுத்தோம். ஒவ்வொன்றிடமும் ஒரே வினாவைக் கேட்டோம்: இந்தப் படத்திலே தடி யார் கையில் இருக்கிறது? கைதட்டல் யாருக்குக் கிடைக்கிறது?

கைமாறிய கைதட்டல்

முதற்சிப்பி, 1961ஆம் ஆண்டில் பி. ஆர். பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்.' ஓட்டப்பிடாரத்து வ. உ. சிதம்பரனாராகச் சிவாஜி கணேசன் வாழ்ந்து காட்டிய படம். 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டவர், 1908இல் சிறைக்கதவுக்குள் தள்ளப்பட்டவர், மாடு இழுக்கவேண்டிய செக்கை இழுக்க வைக்கப்பட்டவர். படம் வெளிவந்தபோது வசூல் வாரிக் குவித்துவிடவில்லை. எனினும், இன்று பார்க்கும்போதும் நம் நெஞ்சைக் குடைகிற ஒரு பண்பு அதற்கு உண்டு. அங்கே தடி யார் கையில்? வெள்ளை ஆட்சியின் கையில். கைதட்டல் யாருக்கு? தடி ஏந்தியவனுக்கல்ல, செக்கு இழுத்தவருக்கு! கைதியே கதைத்தலைவன், காவலன் அல்லன்.

குறை இல்லாத படமா என்றால், இல்லையென்போம். நாடக மேடையின் வாடை நிறைய வீசுகிறது. பேச்சு சில இடங்களில் பெருமழையாய்ப் பொழிந்து கதையை நனைத்துவிடுகிறது. இருந்தும், கண்ணீர் யார் பக்கம் சிந்தப்படவேண்டும் என்பதிலே அந்தப் படம் தடுமாறவில்லை.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் உருண்டோடின. 2003ஆம் ஆண்டு, 'சாமி' வந்தது. 2010இல் 'சிங்கம்' வந்தது, 2013இல் அதன் இரண்டாம் பாகம், 2017இல் மூன்றாவது, 2018இல் சாமிக்கு ஓர் இரண்டாம் பாகம். ஐந்தையும் இயக்கியவர் நம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹரி. முதற்படத்திற்குக் களம் நெல்லை. சிங்கமோ தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்து, இரண்டாம் பாகத்திலே தூத்துக்குடித் துறைமுகத்திலேயே உறுமுகிறது. நம் வண்டிகள், நம் வயல்கள், நம் பேச்சு, நம் கடல்! பார்த்தவுடன் பரவசம் வராமல் இருக்குமா? நமக்கும் வந்தது. மறைக்க மாட்டோம். கொட்டகையிலே எழுந்த ஆரவாரத்தில் நம் குரலும் கலந்தே இருந்தது.

பரவசம் தணிந்தபின் சிப்பியைத் திறந்து பார்த்தோம். உள்ளே இருந்தது என்ன? 'சாமி'யிலே காவல் அதிகாரி, தான் பகைத்தவனைக் கொல்கிறார். உடலைச் செங்கற் சூளையிலே மறைத்து எரித்துவிடுகிறார். பிறகு அவன் ஓடிப்போனதாகக் கூறி ஊரெல்லாம் தேடச் செய்கிறார். இது குற்றவாளியின் செயலா, காவலரின் செயலா என்று வரிகளை மட்டும் படித்துவிட்டுக் கூறுங்கள் பார்க்கலாம்! கொலை, சடலத்தை மறைத்தல், பொய்ச் செய்தி பரப்பல் என்று சட்டப்புத்தகத்தில் தனித்தனிப் பிரிவு ஒதுக்கப்பட்ட குற்றங்கள் அத்தனையும் ஒருவர் செய்கிறார், அவருக்கு மாலை! 'சிங்க'த்தின் முடிவிலும் பகைவன் நீதிமன்றப் படியை மிதிப்பதில்லை. துப்பாக்கி தீர்ப்புக் கூறிவிடுகிறது.

இத்தகைய படங்களில் வழக்குரைஞர் வந்தால் வில்லனின் வாலாக வருவார். மனித உரிமை பேசுவோர் வந்தால் கேலிப் பொருளாவார். நீதிமன்றம் வந்தால் அது நல்லவன் ஓட்டத்திற்கு இடப்பட்ட முட்டுக்கட்டையாகும். அடிக்கிற அதிகாரி மட்டும் அறத்தின் திருவுருவம்! தடி அதே தடிதான் தோழர்களே! 1961இல் செக்கிழுத்தவரின் முதுகைப் பார்த்துக் கலங்கிய கண், 2003இல் தடி ஓங்கியவரின் தோளைப் பார்த்துப் பூரித்தது. தடி கைமாறவில்லை, கைதட்டல் கைமாறிற்று.

சாத்தான்குளத்து இரவு

2020ஆம் ஆண்டு ஜூன் 19. ஊரடங்கு நாள். நமக்குத் தெற்கே, ஒரே தாமிரபரணிப் பாசனப் பேச்சும் ஒரே பனங்காட்டு மணமும் உள்ள சாத்தான்குளத்தில், கைப்பேசிக் கடையைக் குறித்த நேரத்தில் அடைக்கவில்லை என்ற காரணம் கூறி, ஒரு தந்தையைக் காவல் நிலையத்துக்குக் கொண்டு சென்றனர். தேடிச் சென்ற மகனும் உள்ளே வைக்கப்பட்டார். இரவு முழுவதும் அடி. பின்னர்க் கோவில்பட்டிக் கிளைச்சிறை. ஜூன் 22இல் மகன் மடிந்தார். 23இல் தந்தை மடிந்தார். நாடே நடுங்கிற்று. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது; காவலர் பலர் கைதாயினர்.

அந்த நாட்களில்தான் இயக்குநர் ஹரி ஓர் அறிக்கை வெளியிட்டார். காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அதிலே குறிப்பிட்டார். வெற்றிப்படம் எடுத்தவர், வெற்றியை எண்ணி வருந்துவது தமிழ்த்திரையிலே வாடிக்கையன்று. வருந்தியவரை வாழ்த்துவோம்! ஆனால் அந்த வருத்தம் அவர் ஒருவருக்கு மட்டுமே உரியதா? படம் எடுத்தவர் ஒருவர். பார்த்துக் களித்தவர் கோடி. அந்த அறிக்கையின் அடியிலே நாமும் கையொப்பம் இட்டிருக்க வேண்டாமா?

இங்கே நண்பர் ஒருவர் குறுக்கிடுவார். "படத்தைப் பார்த்துவிட்டா காவலர் அடித்தனர்? சினிமா பிறக்குமுன் தடி இல்லையா?" என்பார். நல்ல வினா. பகுத்தறிவுப் பாசறையிலே கேட்கப்படவேண்டிய வினா. ஒன்றை அடுத்து ஒன்று நடந்தால், முன்னது காரணம், பின்னது விளைவு என்று முடிகட்டுவது சோதிடன் வேலை. நாம் அதைச் செய்யமாட்டோம். 1995 ஆகஸ்டு 31ஆம் நாள் இதே மாவட்டத்துக் கொடியங்குளத்திலே நூற்றுக்கணக்கான காவலர் புகுந்து வீடுவீடாய் உடைத்தெறிந்தபோது, 'சாமி'யும் பிறக்கவில்லை, 'சிங்க'மும் பிறக்கவில்லை. தடிக்குத் திரை தாயன்று.

அப்படியானால் திரையின் பொறுப்புத்தான் என்ன? அடிப்பவனுக்கு அது கற்றுக்கொடுத்தது என்று நாம் கூறவில்லை. பார்ப்பவனுக்குக் கற்றுக்கொடுத்தது என்கிறோம். அடிபடுகிறவன் எவனாயினும், அவன் அடிபடத் தக்கவன்தான் என்று நம்பக் கற்றுக்கொடுத்தது. வழக்கு, சாட்சி, தீர்ப்பு என்பன எல்லாம் வீண் தாமதம் என்று எண்ணக் கற்றுக்கொடுத்தது. திரையிலே அடிபடுகிறவன் குற்றவாளி என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும், இயக்குநர் காட்டிவிடுகிறார். காவல் நிலையத்திலே அடிபடுகிறவனைப் பற்றி அப்படி முன்கூட்டியே காட்டுகிற இயக்குநர் யார்? அங்கே கதையை எழுதுவதும் காவலர், நடத்துவதும் காவலர், தீர்ப்புக் கூறுவதும் காவலர் என்றாகிவிட்டால் குடிமகனுக்கு என்ன மிச்சம்?

ஐயம் உடையோர் 2019 டிசம்பர் 6ஆம் நாளை நினைத்துப் பார்க்கட்டும். ஐதராபாத்திற்கு அருகே, கொடிய குற்றமொன்றில் கைதான நால்வரைக் காவலர் சுட்டுக் கொன்றனர். காலையிலே செய்தி, சில மணி நேரத்திற்குள் அங்கே கூடிய மக்கள் காவலர்மீது மலர் தூவினர்! தொலைக்காட்சிகள் அந்த மலர்மாரியை மணிக்கொருமுறை காட்டின. உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்க்கர் ஆணையத்தின் அறிக்கை 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்தது. கொல்லும் நோக்கத்துடனேயே காவலர் சுட்டனர் என்றும், காவலர் கூறிய கதை நம்பத்தக்கதன்று என்றும், பதின்மர்மீது வழக்கு நடத்தவேண்டும் என்றும் அது கூறிற்று. தூவிய மலரை யார் திரும்பப் பொறுக்குவது? திரையரங்கிலே பழகிய கை, தெருவுக்கு வந்தபோது தானாகவே மலரை எடுத்தது. அதுதான் நாம் கூறும் கேடு.

நமக்கு இனித்த அறை

மறுபுறம் எண்ணத்தக்க படங்கள் வரவே இல்லை என்று கூறினால் நன்றி கொன்றவராவோம். வெற்றிமாறனின் 'விசாரணை' 2016இல் திரைக்கு வந்தது. 1983இல் குண்டூரிலே பிழைப்புத் தேடிச்சென்று காவலர் பிடியில் சிக்கியவர் மு. சந்திரகுமார், தாம் பட்ட அடியை அவரே 'லாக்கப்' என்று நூலாக்கினார், அதன் வழியே வந்த படம். அதைப் பார்த்தபோது நாம் கைதட்டவில்லை, கை எழவில்லை. அடியின் ஓசை அங்கே இசையாக்கப்படவில்லை. வலி வலியாகவே வந்தது. நல்ல படத்துக்கு அதைவிட நற்சான்று வேறு வேண்டுமோ?

2021 நவம்பரில் 'ஜெய் பீம்' வந்தது. சிங்கமாக உறுமிய அதே சூர்யா, வழக்குரைஞராக வந்து ஆட்கொணர்வு மனுவைக் கையிலே ஏந்தினார். பின்னாளில் நீதிபதியான சந்துரு நடத்திய மெய்யான வழக்கு அது. தடிக்கு எதிராகச் சட்டப்புத்தகத்தைக் கதாநாயகனின் கையிலே கொடுத்தது அந்தப் படம். இரண்டரை மணி நேரம் காவல் கொடுமையைக் கண்டு கொதித்தோம். ஆனால்...

ஆனால், அந்தப் படத்திலேயே ஒரு காட்சி. நல்ல காவல் அதிகாரியாக வரும் பிரகாஷ்ராஜ், இந்தியிலே பதில் கூறுகிற ஒரு மனிதனைக் கன்னத்தில் அறைந்து, தமிழில் பேசுமாறு கூறுகிறார். கொதித்திருந்த நமக்குக் குளிர்ச்சி! தமிழுக்காக விழுந்த அறையல்லவா? வடபுலத்தில் அக்காட்சிக்குக் கண்டனம் எழுந்தது. இங்கே பலர் பாய்ந்து வந்து ஆதரித்தோம்.

தோழர்களே, நெஞ்சிலே கைவைத்துக் கேட்டுக்கொள்வோம். விசாரணைக்கு வந்தவனை அறைவது குற்றம் என்று கூறவந்த படம் அது. அதே படத்தில், அறை நமக்குப் பிடித்த காரணத்திற்காக விழுந்தவுடன், நமக்கு அது குற்றமாகப் படவில்லையே! மொழித்திணிப்பை எதிர்ப்பது நம் கடமை. அதற்குச் சொல்லுண்டு, எழுத்துண்டு, வாக்குண்டு, வீதியுண்டு. காவலரின் கை அதற்குக் கருவியன்று. நமக்கு இனித்த அறையைக் கண்டிக்க நமக்குத் துணிவில்லையென்றால், நமக்குக் கசந்த அறையைக் கண்டிக்க நமக்குத் தகுதியில்லை.

வாழைத்தாரும் கபடிக் கோடும்

இனி நம் அண்டையூர்க்காரர் ஒருவரின் படங்களுக்கு வருவோம். கருங்குளம் பக்கத்துப் புளியங்குளம். நம்மிடமிருந்து ஆற்றை ஒட்டி மேற்கே சென்றால் வருவது. அங்கே பிறந்தவர் மாரி செல்வராஜ். 2018இல் 'பரியேறும் பெருமாள்' எடுத்துத் தமிழகத்தைத் தலைநிமிர்ந்து பார்க்க வைத்தவர்.

2021இல் அவர் எடுத்த 'கர்ணன்', கொடியங்குளத்தின் புண்ணைத் திறந்தது. பேருந்து நிற்காத ஊர். நடுச்சாலையில் துடித்து மடியும் சிறுமி. பெயர் வைத்துக்கொண்டதற்காகவும் தலைப்பாகை கட்டிக்கொண்டதற்காகவும் காவல் நிலையத்தில் நொறுக்கப்படும் முதியோர். தடி என்ன செய்யும் என்பதைத் தடியின் அடியிலே கிடந்து பார்த்த பார்வை அது. வெளிவந்தபோது, கதை நடந்த காலமாக 1997 என்று காட்டப்பட்டு, மறுப்பு எழுந்தபின் அது மாற்றப்பட்டது. கொடியங்குளத்துக் கொடுமை நிகழ்ந்தது 1995. எந்த ஆட்சிக்கு இழுக்கு, எந்த ஆட்சிக்கு ஆறுதல் என்பதல்ல நம் கவலை. உண்மையைத் தொட்டுப் படம் எடுப்போர் ஆண்டையும் உண்மையாகவே வைக்கட்டும். ஆண்டு பிசகினால் பேச்சு ஆண்டைப் பற்றியதாகி, அடிபட்டவனை மறந்துவிடுகிறது.

முடிவிலே கர்ணன் வாள் ஏந்துகிறான், அதிகாரியை வெட்டுகிறான். தடிக்குத் தட்டாத கை வாளுக்குத் தட்டலாமா? தயங்கினோம். ஆனால், ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொண்டோம். வெட்டிய கர்ணன் சிறைக்குப் போகிறான். ஊர் தன் முதியவரைத் தீக்குக் கொடுக்கிறது. ஆடிப்பாடும் காட்சியிலும் இழந்தவர்களின் நிழல் நிற்கிறது. கொன்றதற்கு விலை உண்டு என்று அந்தப் படம் கூறுகிறது. சூளையில் எரித்த சாமிக்கோ விலையில்லை, விருதுதான்! இரண்டும் கொலையே, ஒன்று கணக்குக் காட்டுகிறது, மற்றொன்று கணக்கை எரிக்கிறது.

2024 ஆகஸ்டில் வந்த 'வாழை'யை நாம் இரண்டுமுறை பார்த்தோம். வாழைத்தார் நமக்கு வேடிக்கைப் பொருளல்ல. பொருநைப் படுகையின் வயிறு அது. சிறுவன் சிவனணைந்தான் பள்ளியை நேசிக்கிறான். விடுமுறை வந்தால் தார் சுமக்க வேண்டும் என்பதால் விடுமுறையை வெறுக்கிறான்! உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் விடுமுறைக்கு ஏங்க, இவன் வேலைநாளுக்கு ஏங்குகிறான். இந்த ஒரு செய்தியே நூறு சொற்பொழிவுக்கு ஈடு. தாருக்கு ஒரு ரூபாய் கூலியை இரண்டு ரூபாய் ஆக்கக் கேட்கிறார்கள். கூலி உயர்கிறது. உயர்ந்த கூலியை வேறு வழியில் மிச்சம் பிடிக்க, தனி வண்டி கொடாமல், தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஆட்களையும் ஏற்றி அனுப்புகிறார்கள். லாரி கவிழ்கிறது. கூட்டம் மடிகிறது. இப்பகுதியில் மெய்யாகவே நிகழ்ந்த விபத்தின் நினைவில் எழுந்த கதை அது.

இந்தப் படத்தை நாம் பாராட்டுவதற்குத் தலையாய காரணம் ஒன்றுண்டு. அந்தச் சாவை அது விதியின் தலையில் சுமத்தவில்லை. "தலையெழுத்து", "காலம் வந்துவிட்டது", "கடவுள் அழைத்துக்கொண்டான்" என்று அழுதுவிட்டால் கதை முடிந்தது. வண்டிக்கூலி மிச்சம் பிடித்தவனும் இழவு வீட்டுக்கு வந்து ஆறுதல் கூறிவிட்டுப் போகலாம். விதி என்ற சொல் எப்போதும் முதலாளிக்கு வழக்குரைஞர்! படமோ கணக்கைக் காட்டுகிறது: ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஒரு வண்டி, இத்தனை உயிர். சாவுக்குக் காரணம் கூட்டிக்கழித்துப் பார்த்தால் தெரியும் என்று காட்டுவதுதான் பகுத்தறிவு.

பசியோடு நடந்துவந்த சிறுவன் ஒரு பழத்தைப் பறித்ததற்காக விரட்டி அடிக்கப்படுகிறான். தார்தாராய்ச் சுமந்த தோளுக்கு ஒரு பழம் உரிமையில்லை! ஊரே பிணங்களைச் சூழ்ந்து கதறும்போது, அவன் அடுக்களையிலே புகுந்து ஒரு வாய்ச் சோற்றை அள்ளுகிறான். நாம் குனிந்துகொண்டோம். குறை என்று கேட்டால், ஆசிரியைமீது கொண்ட அன்பைக் காட்டும் பகுதி சற்று நீள்கிறது. கடைசிக் கதறலின்மீது பின்னணி இசை ஏறி மிதிக்கிறது. அழுகைக்கு இசை வேண்டாமே! அந்த ஊரின் ஓலத்தை மட்டும் நம்மிடம் விட்டிருந்தால், இன்னும் பல நாள் அது நம்மை உறங்கவிட்டிராது.

2025 அக்டோபரில் 'பைசன்' வந்தது. நம் வட்டாரத்து மணத்தியைச் சேர்ந்த கபடி வீரர் கணேசனின் வாழ்வைத் தழுவியது. 1994ஆம் ஆண்டு ஹிரோசிமாவில் நடந்த ஆசிய விளையாட்டில் பொன் வென்ற இந்திய அணியின் ஆட்டக்காரர். அர்ஜுனா விருது பெற்றவர். துருவ் விக்ரம் கிட்டானாக உடலை உருக்கி உழைத்திருக்கிறார். அவருடைய தந்தையாக வரும் பசுபதியோ நடிக்கவே இல்லை, பயந்தார்! மகன் கோடு தாண்டி ஆடப்போனால், ஊர்க்கோடு தாண்டியதாக எவனாவது வெட்டிவிடுவானோ என்ற தகப்பனின் பயம், இந்தப் பகுதியில் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்திருந்த பயம். கபடியில் கோட்டைத் தொட்டுத் திரும்பினால் வெற்றி. சாதியூரிலே கோட்டைத் தொட்டாலே கொலை. இரண்டு கோடுகளையும் ஒரே மண்ணில் போட்டுக் காட்டியது படத்தின் பலம்.

எதிர்த்தரப்புச் சாதித் தலைவன், பகையைத் தாண்டிக் கிட்டானின் ஆட்டத்தை மதித்துத் தன் அணியிலே இடம் கொடுக்கிறான். அதைச் சிலர் நம்பமுடியாத கற்பனை என்றனர். ஆழ்வார்திருநகரியில் இருக்கும் நமக்கு அது வியப்பாக இல்லை. வேளாளராய்ப் பிறந்தவர் என்று கூறப்படும் நம்மாழ்வாரைப் பார்ப்பனரான மதுரகவி ஆசானாக ஏற்றார் என்று இவ்வூர்க் கோயில் மரபே கூறுகிறது. உறங்காப் புளியின் அற்புதம் பேசுவோர் பேசட்டும். நமக்கு அந்த மரபிலே பிடித்த செய்தி இது ஒன்றுதான். தகுதியைக் கண்டால் பிறப்பைக் கேட்காதே! ஊர்ப் பழங்கதையிலே புகழ்வோம், ஊர்த்தெருவிலே மறுப்போம் என்பது எவ்வகை நேர்மை?

பைசனிலும் குறை உண்டு. குருதி தெறிக்கும் காட்சிகள் மெல்ல மெல்ல நகர்ந்து அழகுபடுத்தப்படுகின்றன. வெட்டைக் கண்டு வெறுக்க வேண்டிய இடத்தில் வெட்டின் அழகைக் காட்டலாமோ? பெண்டிர் ஊக்கமூட்டவும் உருகவும் மட்டுமே பெரிதும் பயன்படுகின்றனர். அடுத்த படத்திலாவது கபடிக் கோட்டை ஒரு பெண் தாண்டட்டும்!

வீட்டுக்குள் வந்த கொட்டகை

தொலைக்காட்சியைப் பற்றிச் சுருக்கமாகவே கூறுவோம். அது தன்னைப்பற்றித் தானே நாள் முழுதும் கூறிக்கொள்கிறது. 1975இல் சென்னைக்கு வந்த பெட்டி, இன்று குடிசைக்கும் உண்டு. காலையிலே இராசிபலன்; மாலையிலே மாமியார் சூழ்ச்சி; இரவிலே நாகக்கன்னியின் பழிவாங்கல். அறிவியல் கண்ட கருவியிலே அறியாமைக்கு அன்றாடம் அபிடேகம்! விண்ணிலே கோளைச் சுற்றவிட்டு, அந்தக் கோள் வழியே, கோள் நம்மை என்ன செய்யும் என்று சோதிடம் ஒளிபரப்புகிற விந்தையை வேறெங்குக் காண்பது?

எனினும் நன்மையை மறைக்கமாட்டோம். 2018 மே 22ஆம் நாள், தாமிர உருக்காலையை எதிர்த்துத் தூத்துக்குடியில் திரண்ட மக்கள்மீது துப்பாக்கி வெடித்தது. 13 பேர் மாண்டனர். வண்டியின்மேல் ஏறிப் படுத்துக் குறிபார்த்த காவலரைத் தொலைக்காட்சிப் படப்பெட்டி பதிவு செய்தது. அந்தக் காட்சி இல்லாதிருந்தால் எத்தனை கதைகள் கட்டப்பட்டிருக்கும்! அன்று அந்தப் பெட்டி சாட்சியாயிற்று. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டிப் பொருநை கரைபுரண்டபோது, ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் நம் ஊரும் தீவுகளாயின. மின்சாரம் இல்லை. உலகமெல்லாம் நம்மைத் தொலைக்காட்சியில் பார்த்தது. நாம் மட்டும் பார்க்கவில்லை. வெள்ளம் வடிந்து விளக்கு எரிந்தபோது, நாகக்கன்னி திரும்பி வந்திருந்தாள். நம் வெள்ளம் போய்விட்டிருந்தது. சாட்சியாக நிற்கவும் தெரிந்த கருவி அது. நிற்கச் சொல்லிக் கேட்பதற்குத்தான் ஆளில்லை.

இரும்பு எதற்கு?

நமக்கு அருகே உள்ளது சிவகளை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட தொல்லியல் அறிக்கை, அங்கே கிடைத்த மாதிரிகளின்படி இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்வதாகக் கூறிற்று. ஐயாயிரம் ஆண்டுக்கு முன் இந்த மண்ணிலே ஒருவன் இரும்பை உருக்கினான், எதற்கு? உழுவதற்கும் அறுப்பதற்கும் வாழ்வதற்கும். ஆனால், திரையிலே நம் மாவட்டத்து இரும்பு இரண்டே உருவில் வருகிறது: ரவுடி கையிலே அரிவாள், காவலர் கையிலே துப்பாக்கி. ஐயாயிரம் ஆண்டு அறிவின் கடைசி வாரிசு இவைதாமா?

இல்லை என்று மறுக்க நம்மிடம் ஒரு சான்று உண்டு. சாத்தான்குளத்து நிலையத்தில் அன்று பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம், இரவெல்லாம் அடித்தார்கள் என்று கூறினார். உடன் பணிபுரிவோர் வெளியே நின்றிருக்க, நாளையும் அதே சீருடையை அணியவேண்டியிருக்க, உண்மையைக் கூறினார். தடி ஏந்தவில்லை; தாவிக் குதிக்கவில்லை; மீசை முறுக்கவில்லை. கண்டதைக் கண்டபடி கூறினார். அவ்வளவே. இரண்டு பிணங்களின்மேல் பொய் மூடாமல் காத்தவற்றுள் ஒன்று அந்தச் சொல்.

காக்கிச் சட்டைக்குப் பெருமை தேடிய ஐந்து படங்களும் தேடித் தராத பெருமையை அந்த ஒரு வாக்குமூலம் தேடித் தந்தது. காவலரைப் பற்றிப் படமே எடுக்காதீர் என்று நாம் கூறவில்லை. இவரைப் பற்றி எடுங்கள் என்கிறோம்! எடுத்தால் எத்தனை நாள் ஓடும் என்று கேட்பார் தயாரிப்பாளர். அவரிடம் கேட்டுப் பயனில்லை. அதற்கு விடை நம்மிடம்தான் இருக்கிறது.

ஆம் தோழர்களே, வாக்குச்சாவடிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை போகிறோம். கொட்டகைக்கு வாரந்தோறும் போகிறோம். அங்கே நம் கைதட்டல்தான் வாக்கு. எவனுக்கு அது விழுகிறதோ அவன் மறுபடி மறுபடி வருவான், வேறு வேறு பெயரில், வேறு வேறு சீருடையில். ஆகவே அடுத்தமுறை இருட்டிலே திரை ஒளிரும்போது, தடி ஓங்கப்படும்போது, இசை முழங்கும்போது, பக்கத்து இருக்கைகள் அதிரும்போது, நம் இரு கைகளையும் ஒரு கணம் பிடித்து நிறுத்துவோம். அடிபடுகிறவன் முகத்தை ஒருமுறை பார்ப்போம். அந்த முகம் ஜூன் 19ஆம் நாள் மாலையில், கடையை மூடிக்கொண்டிருந்த ஒரு தகப்பனின் முகமாக இருக்கலாம்.

சிப்பியைத் திறந்து பார்த்துவிட்டோம். கைதட்டுவதா, கைகட்டி நின்று கேள்வி கேட்பதா? முடிவு உங்களுடையது.